நாளைக்குக் குண்டு போடறேனுங்க

சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறிவிட்டால் அன்றைக்கு எங்களுக்குச் சர்க்கரையில்லாத டீதான். மற்ற இடமாக இருந்தால் டப்பாவை நாலு தட்டுத் தட்டி, எறும்பை ஊதிவிட்டு, போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டுப் போயிருப்போம். பேட்டர்ன் மாஸ்டர் விடமாட்டார். மூடியைத் திறந்து டப்பாவை ஜன்னலோர வெயிலில் வைத்துவிட்டு, "போகட்டுங்க. நாளைக்குப் போட்டுக் குடிச்சுக்கலாமுங்க" என்பார். எறும்புக்கு ஒரு நாள் அவகாசம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எறும்புக்கு நோட்டீஸ் குடுத்த ஒரே ஆளு நீங்கதான் மாஸ்டர்" என்பேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சர்க்கரையில்லாத டீயை ரசித்துக் குடிப்பார்.

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. கேமரா வைத்த செல்போன் யார் கையிலாவது இருந்தால் எட்டிப் பார்த்த காலம். நான் அங்கே மெர்ச்சன்டைசர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரிடமும் திட்டு வாங்கி, உள்ளூர் முதலாளியிடமும் திட்டு வாங்கி, இரண்டு திட்டுகளுக்கும் நடுவில் சரக்கை ஏற்றி அனுப்பும் வேலைக்கு அப்படி ஒரு பெயர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அம்மாவும் நானும் இந்த வேலையை நம்பித்தான் திருப்பூர் வந்தோம். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. அந்த வேலைக்கு அது தேவையாகவும் இருந்தது.

மாஸ்டருக்கு என் வயதுதான் இருக்கும், முப்பதை எட்டவில்லை. மூன்றாம் மாடியில் ஏசி போட்ட சின்ன அறையில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுவார். கை, கழுத்து, முன்பக்கம், பின்பக்கம் என்று ஒரு சட்டையின் அத்தனை துண்டுகளையும் துணியின் அகலத்துக்குள் வீணாகாமல் அடுக்குவார். அவர் அடுக்கிய மார்க்கர் தாளைத்தான் கட்டிங்கில் துணியின் மேல் விரித்து வெட்டுவார்கள்.

சொல்லாமல் எதையும் செய்யமாட்டார். அதுதான் அவர். தும்மல் வந்தால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தும்முவார். போனை வைக்கும் முன் "வெச்சர்றேனுங்க... சரீங்க... வெச்சர்றேனுங்க" என்று மூன்று தடவை சொல்லுவார். அதற்குள் எதிர்முனைக்காரர் வைத்திருப்பார். வாட்ச்மேனிடம் முதல் நாளே போய் "நாளைக்குப் பத்து நிமிசம் லேட்டாத்தானுங்க வருவேன்" என்பார். நாளைக்கு லேட்டாகும் என்று இன்றைக்கே தெரிந்தால் சீக்கிரம் கிளம்ப வேண்டியதுதானே! கேட்டால் சிரிப்பார்.

டாக்குமென்ட் அண்ணன் என்று ஒருவர் இருந்தார், ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பவர். அவர்தான் எங்கிருந்தோ ஒரு சிடி கொண்டுவந்தார். விண்வெளியில் ராஜ்ஜியம் பிடிக்கும் விளையாட்டு. மாஸ்டரின் கம்ப்யூட்டரில்தான் அது ஓடும் என்பதால் மதியச் சோற்றுக்கு அங்கே கூடினோம். மூன்று பேர், மூன்று ராஜ்ஜியம். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு முறை. மூன்று பேரும் ஆடி முடித்தால்தான் விளையாட்டிலும் ஒரு நாள் நகரும். ஒருவர் ஆடும்போது மற்ற இரண்டு பேரும் டிபன் பாக்ஸோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் எங்களுக்கு ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த விளையாட்டில் ஆயுதத்தை நாமே செய்துகொள்ளலாம். கிரகத்தைச் சுற்றி மேலே நின்றுகொண்டு கீழே குண்டு போடும் கப்பல். அதற்குப் பத்து அறைகள், இவ்வளவுதான் எடை என்று ஒரு வரம்பு. எந்த அறையில் எதை வைப்பது என்பது நம் சாமர்த்தியம். நான் யோசிக்கவே இல்லை. பத்தில் எட்டு அறையில் குண்டை அடைத்தேன். மிளகாய்ப்பொடி என்று பெயர் வைத்தேன். ஒரு கிரகத்தின் மேல் கொட்டினேன், கிரகம் கருகிவிட்டது. பிடிப்பதற்குக் கீழே ஒன்றுமே மிச்சமில்லை.

மாஸ்டர் இரண்டு வாரம் யோசித்தார். மார்க்கர் தாளில் மிச்சம் விழுந்த துண்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் பத்துக் கட்டம் போட்டு, அழித்து, மறுபடி போட்டு. வெடிமருந்தே வேண்டாம் என்று முடிவு செய்தார். "அத்தனை ஒசரத்துல இருந்து விழுந்தா வெறும் இரும்புக் கம்பியே போதுமுங்க. நேரா எறங்கும். பீரங்கி மேல விழுந்தா பீரங்கி போகும், பக்கத்து வீதிக்கு ஒண்ணும் ஆகாதுங்க." ஆனால் உயரத்திலிருந்து போட்டால் கம்பி குறி தப்பியது. குறி தப்பாமலிருக்கக் கப்பல் தாழ இறங்க வேண்டும். தாழ இறங்கினால் கீழிருந்து சுடுவார்கள், அதற்குக் கவசம் வேண்டும். கவசம் வைத்தால் எடை ஏறும், கம்பியைக் குறைக்க வேண்டும். சட்டைக் கையை எங்கே சொருகலாம் என்று பார்க்கிற அதே கண்ணோடு அந்தப் பத்து அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கனமான கவசம், நாலே நாலு கம்பி. ஒன்பது அறை ஆயிற்று.

பத்தாவது அறையில் அவர் வைத்ததைப் பார்த்துத்தான் நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். முன்னறிவிப்புக் கருவி என்று ஒன்று அந்த விளையாட்டில் இருந்தது. எந்த ஊரில், எத்தனை நாள் கழித்துக் கம்பி விழும் என்று எதிரிக்குச் சொல்லும். வேறு ஒரு பிரயோசனமும் கிடையாது. விளையாட்டைச் செய்தவர்கள் வேடிக்கைக்குச் சேர்த்திருப்பார்கள். அதையும் மதித்து எடுத்து வைக்க ஓர் ஆள் இருந்தார்.

"அந்த டப்பாவத் தூக்கிப்போட்டா இன்னும் ரெண்டு கம்பி வெக்கலாமுல்லீங்க மாஸ்டர்?" என்றார் டாக்குமென்ட் அண்ணன்.

"வெக்கலாமுங்க."

"அப்பறம்?"

"வெக்கலீங்க."

அவ்வளவுதான் பதில். அறிவித்த பிறகு மனசு மாறினால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். "ரத்துப் பண்ண முடியாதுங்க மேடம். வேணும்னா தள்ளிப் போடலாமுங்க" என்றார். ஆனால் அவர் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. எப்போதும் ஒரு நாள் கெடுதான்.

எதிரிக்குச் செய்தி அனுப்பவும் அதில் ஓர் இடம் உண்டு. முதன்முதலாக என் கிரகத்தின் மேல் அவர் கப்பல் வந்து நின்ற அன்று நான் திரையைத் திறந்தால், ஆங்கில எழுத்தில் தமிழ்: "மேடம், நாளைக்குக் குண்டு போடறேனுங்க. தயவு செஞ்சு சனத்தைக் கெளப்பிருங்க." எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. குண்டு போடுகிறவன் 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று அன்று மாலைவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜனத்தை நான் கிளப்பவில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று நினைத்தேன். மறுநாள் கம்பி விழுந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று திரையில் பெரிதாக ஓர் எண் வந்தது. மாஸ்டர் சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

"சொன்னேனுங்களே மேடம்... ஒரு நாள் முழுசா இருந்துதுங்களே."

"ஐயோ, விளையாட்டுதானே மாஸ்டர்!"

"வெளையாட்டுத்தானுங்க. ஆனா சொன்னது நெசமுங்களே."

கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே! எனக்குச் சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்தி வந்தால் முதல் வேலையாக ஊரைக் காலி செய்துவிடுவேன்.

விளையாட்டுக்கு வெளியிலும் அப்படித்தான். கட்டிங்கில் ஒருவர் துணி ரோல்களுக்குப் பக்கத்தில் நின்று பீடி குடித்ததை மாஸ்டர் பார்த்துவிட்டார். "நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லப் போறேனுங்க. அதுக்குள்ள நீங்களே போய்ச் சொல்லீட்டீங்கன்னா நல்லதுங்க" என்றார். அந்த ஆள் மிரட்டல் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார். மறுநாள் மாஸ்டர் போய்ச் சொன்னார். அந்த ஆளை ஒரு வாரம் வெளியே நிறுத்தினார்கள். அந்த வாரம் முழுக்க மாஸ்டர் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினாரோ. ஆனால் அதிலிருந்து மாஸ்டர் வாயில் 'நாளைக்கு' என்று வந்தாலே கம்பெனியில் பாதிப் பேர் எதையோ மறந்தவர்கள்போல எழுந்து போய்விடுவார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும்தான், கொஞ்சம் தள்ளியே நின்று பிடிக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு அவசர ஆர்டர். லைக்ரா கலந்த பெண்கள் டாப்ஸ். பின்னலாடைத் துணி ரோலில் சுற்றும்போது இழுபட்டு வரும். ரோலைப் பிரித்து ஒரு நாள் முழுக்கத் தளர்வாகப் போட்டு வைத்தால்தான் தன் அளவுக்குச் சுருங்கி நிற்கும். ரிலாக்ஸ் விடுவது என்போம். அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். ரோல் வியாழக்கிழமை காலையில் வந்தது. கப்பல் தேதி கழுத்தை நெரித்தது. ரோலோடு கட்டிங்குக்குப் போகும் சீட்டில் நான் ரோல் வந்த நாள் புதன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டிங்கில் சீட்டைப் பார்த்து அன்று மத்தியானமே வெட்டிவிட்டார்கள்.

வெட்டிய துண்டுகள் பெருமாநல்லூருக்குத் தைக்கப் போயின. பன்னிரண்டு மெஷின் போட்ட சின்ன யூனிட். எங்கள் ஊர்ப் பக்கத்து அக்கா ஒருத்தியும் அவள் புருஷனும் நடத்தினார்கள். அவர்கள் தைத்ததெல்லாம் எங்கள் கம்பெனிச் சரக்குதான். தைத்து வந்ததை அளந்தால் உயரம் முக்கால் இஞ்ச் குறைவு. ஒன்றிரண்டு இல்லை, அத்தனையும்.

முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தைக்கும்போது ஓவர்லாக் மெஷினின் கத்தி துணி ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும். கவனமில்லாமல் ஓட்டினால் அதிகமாகத் தின்றுவிடும். "அப்படித்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஸ்டிச்சிங்லதான் சார் தப்பு" என்றேன்.

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, நான்தான் சொன்னேன். இனி பெருமாநல்லூருக்கு ஒரு பண்டல் போகக்கூடாது என்று முதலாளி அங்கேயே உத்தரவு போட்டார்.

மறுநாள் மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், என் தலைநகரத்தின் மேல் மாஸ்டரின் கப்பல் நிற்கிறது. வழக்கமான செய்தி. டாக்குமென்ட் அண்ணன் கை கழுவப் போனார். மாஸ்டர் மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டைப் பேட்டர்னை எடுத்து வைத்தார். அதன்மேல் தைக்காத முன்பக்கத் துண்டு ஒன்றை விரித்தார். ஏதாவது பழுதானால் மாற்ற வேண்டுமென்று எப்போதும் சில துண்டுகளைக் கூடுதலாக வெட்டிக் கட்டிங்கிலேயே வைத்திருப்போம். ஓவர்லாக் கத்தியைக் கண்ணால்கூடப் பார்க்காத துண்டு. அட்டையை விட முக்கால் இஞ்ச் குட்டை. பக்கத்தில் என் கையெழுத்துப் போட்ட சீட்டு.

"மேடம், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முதலாளிகிட்டப் போறேனுங்க."

நான் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். "மாஸ்டர், எனக்கு வேலை போயிரும்."

"தெரியுமுங்க."

"அம்மாவை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? அதுவும் தெரியும்தானே?"

"தெரியுமுங்க. அதனாலதானுங்க இன்னைக்கே சொல்றேன்." குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது. "சாயங்காலம் ஒருக்கா பெருமாநல்லூர் போய்ட்டு வாங்களேனுங்க."

நல்லவன் வேஷம் போடுகிறான், நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டினேன். மாலை பஸ் ஏறும்வரை திட்டினேன். ஆனாலும் ஏறினேன்.

அந்த ஷெட்டில் பன்னிரண்டு மெஷினும் சும்மா நின்றன. அக்கா தரையில் உட்கார்ந்து, ஓவர்லாக் மெஷினைக் கழற்றிப் போட்டு, கத்தியை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தாள்.

"உக்காரு தாயி. எங்க கைதான் தப்புப் பண்ணிருச்சு. கத்தி கூடத் தின்னுருக்கு போல. ஓவர்லாக் ஓட்டுற பிள்ளைய நேத்துக் கண்டபடி பேசிப்புட்டேன். அழுதுக்கிட்டே போனவ, இன்னைக்கு வரல."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். டீ வந்தது.

"நீ ஒரு வார்த்த முதலாளிட்டச் சொல்லு தாயி. நம்ம ஊர்ப் பிள்ள நீ. நீ சொன்னா கேப்பாரு."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் இரண்டு நாள் லீவு போட்டு எப்படியாவது தப்பித்திருப்பேன். மாஸ்டர் அதற்காகத்தான் அனுப்பியிருக்கிறார் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் புரிந்தது. மேலேயே நின்றுகொண்டு பார்த்தால் ஊர்தான் தெரியும், ஆள் தெரியாது. தாழ இறங்க வேண்டும்.

மறுநாள் ஒன்பதரைக்கு முதலாளி அறைக்குப் போனேன். ரோல் வந்த நாள், சீட்டு, கையெழுத்து, அதற்குமேல் சொன்ன பொய், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் மேஜையைத் தட்டின தட்டில் டீ கிளாஸ் உருண்டது. "வெளிய போ" என்றார். கதவுவரை போனதும் "நில்லு" என்றார். ஆறு மாதம் செக்கிங் டேபிளில் நின்று பீஸ் அளக்க வேண்டும், பெருமாநல்லூருக்கு என் வாயாலேயே போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் சரி என்றேன். அங்கேயே நம்பரைப் போட்டேன். அந்தப் பக்கம் அக்கா கடைசிவரை கேட்டாள். பிறகு, "அப்ப அந்தப் பிள்ளையப் போயிக் கூட்டிட்டு வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தபோது மணி பத்தாக ஐந்து நிமிஷம். மாடிப்படியில் மாஸ்டர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் அட்டை, துண்டு, சீட்டு. என் முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"சொல்லீட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க போகலீன்னா நான் சொல்லியிருப்பேனுங்க மேடம்" என்றார்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்."

"அதானுங்க... அதானுங்க ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லீங்க."

முதல் நாள் நான் திட்டின திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. இந்த மனிதருக்குச் சொல்வதும் வலித்திருக்கிறது, செய்வதும் வலித்திருக்கும். எனக்குக் கொடுத்த ஒரு நாளை அவரும்தான் உட்கார்ந்து அனுபவித்திருக்கிறார். நானும் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

மத்தியானம் விளையாட்டில் மாஸ்டர் முறை. என் தலைநகரத்துக்குக் கெடு முடிந்துவிட்டது. இருந்த களேபரத்தில் நான் ஜனத்தைக் கிளப்பவே மறந்திருந்தேன். நகரத்தில் அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள்.

"போடுங்க மாஸ்டர், ஆட்டம் முடிஞ்சுது" என்றார் டாக்குமென்ட் அண்ணன். அன்றைக்கு யாரும் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை.

மாஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னறிவிப்புக் கருவியைத் திறந்து, அதுவரை ஒருநாளும் தொடாத இடத்தைத் தொட்டார். எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டது. ஒன்பதைத் தட்டினார். இன்னொரு ஒன்பது. இன்னொன்று. நாலாவது ஒன்பதை அது ஏற்கவில்லை.

"இதுக்கு மேல ஏறலீங்க மேடம்" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"என்னங்க மாஸ்டர், செயிக்கற ஆட்டத்த..." என்று அண்ணன் கத்தினார். மாஸ்டர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் தயிர்ச் சோற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டே அழுதேன். அழுகிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து மாஸ்டர் வேலையை விட்டார். மூலனூரில் மாமனார் வீட்டுப் பக்கம் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னார். ஒரு மாதம் முன்பே எல்லாரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார். சர்க்கரை டப்பாவிடமும் சொல்லியிருப்பார். கடைசி நாள் "வர்றேனுங்க மேடம்... சரீங்க... வர்றேனுங்க" என்று கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் போன மறுநாள் அந்த அறைக்குப் போய் விளையாட்டைத் திறந்து பார்த்தேன். தலைநகரத்தின் மேல் கப்பல் அப்படியே நின்றது. கம்பி விழ எண்ணூற்று அறுபத்தெட்டு நாள் என்று காட்டியது. ஆள் இல்லாமல் ஆட்டம் நகராது. மூடினேன். அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

எனக்கு இன்னும் எண்ணூற்று அறுபத்தெட்டு நாள் இருக்கிறது.